வீட்டு பட்ஜெட்ல நாமதான் பெரிய செலவு!

சின்னதா ஒரு வைவா வெச்சுக்கலாமா? கேள்வி மூணே மூணுதான். உங்க வீட்டுக்குக் கடைசியா வந்த கரன்ட் பில் எவ்வளவு? ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருது? போன செமஸ்டர் ஃபீஸை அப்பா எங்கே இருந்து புரட்டிக் கட்டினார்?

முதல் கேள்விக்கே முழிச்சீங்கன்னா கவலையை விடுங்க, கிளாஸ்ல பாதிப் பேர் உங்க பக்கம்தான். மூணாவது கேள்விக்கு பதில் தெரிஞ்சவங்க இன்னும் கம்மி. தெர்மோடைனமிக்ஸ்ல எனர்ஜி எங்கே இருந்து வந்து எங்கே போகுதுன்னு பக்கம் பக்கமா பேலன்ஸ் போடற நமக்கு, நம்ம வீட்டுல காசு எங்கே இருந்து வந்து எங்கே போகுதுன்னு மட்டும் தெரியாது.

‘சிக்கனம்’னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது லைட்டை ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தற அப்பாவும், பேஸ்ட் ட்யூபை வெட்டிப் பிதுக்கற அம்மாவும்தான். அதையெல்லாம் ஜோக்காக்கி சிரிச்சிருக்கோம். ஆனா, படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்ல சிக்கனம்ங்கிறது ஒரு முழுநேர வேலை. அந்த வேலையை ஒரே ஒருத்தர் தலையில கட்டிவிட்டுட்டு, மத்தவங்க எல்லாம் ‘ஜாலி’யா இருக்கோம். அதனால இந்த வாரம் டிப்ஸ் சொல்லப்போறது அம்மா, அப்பாவுக்கு இல்ல பாஸ்... நமக்குத்தான்!

ஒரு யூனிட் 243 ரூபாய்!

தலைப்பைப் பார்த்து அச்சுப்பிழைன்னு நினைக்காதீங்க. நிஜக் கணக்கு.

தமிழ்நாட்டுல வீட்டு மின்சாரத்தை ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கறாங்க. 2024 ஜூலையில வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்குவோம். முதல் 100 யூனிட் இலவசம். 101-ல இருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201-ல இருந்து 400 வரை 4.70. அடுத்த நூறுக்கு 6.30. ஆக, சரியா 500 யூனிட்ல நிறுத்தின வீட்டுக்கு பில் 1,805 ரூபாய்.

இப்ப 501-ஆவது யூனிட் ஓடுதுன்னு வைங்க. ட்விஸ்ட்டே இங்கேதான். 500-ஐத் தாண்டின வீட்டுக்கு அந்த 2.35 ரூபாய் படியே கிடையாது. 101-ல இருந்து 400 வரை மொத்தமும் 4.70 கணக்குக்குப் போயிடும். பில் 2,048 ரூபாய் 40 காசு! கூடுதலா எரிஞ்சது ஒரே ஒரு யூனிட். கூடுதலாக் கொடுத்தது 243 ரூபாய். பட்டியல் எப்ப மாறினாலும் இந்த மாதிரி ‘படி’ எங்கே இருக்குன்னு தேடிப் பிடிக்கறதுதான் நம்ம வேலை.

என்ன பண்ணலாம்? மீட்டர் பாக்ஸைத் திறந்து ரீடிங்கைக் குறிச்சு வைக்கிறது நம்ம டிபார்ட்மென்ட். போன தடவை எடுத்த ரீடிங் ஒரு பக்கம், முப்பதாவது நாள் ரீடிங் இன்னொரு பக்கம். வித்தியாசம் 250-க்கு மேல போனா, வண்டி 501-ஐ நோக்கி ஓடுதுன்னு அர்த்தம். மீதி ஒரு மாசத்துல பிரேக் போட்டுடலாம்.

பிரேக் எங்கேன்னு கேட்டா, முதல்ல தலைக்கு மேல பாருங்க. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கத்துல முடிச்சுக்கும். தினம் 12 மணி நேரம், 60 நாள் சுத்தினா பழசுக்கு 54 யூனிட், புதுசுக்கு 22 யூனிட்டுக்கும் கம்மி. ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். 4.70 ரூபாய் கணக்குல வருஷத்துக்கு 900 ரூபாய். விலை மூவாயிரம் ரூபாய்னாலும் மூணரை வருஷத்துக்குள்ள போட்ட காசு திரும்பிடும். அதுக்காக ஓடற ஃபேனைக் கழட்டி எறிய வேணாம். அடுத்த தடவை எந்த ஃபேன் காயில் போகுதோ, அதை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை அப்பாகிட்ட காட்டுங்க. போதும்.

ஏ.சி. இருக்கிற வீடா? ஒரு டிகிரி ஏத்தி வெச்சா சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்லுது. 2020 ஜனவரிக்கு அப்புறம் தயாரான ஸ்டார் ரேட்டிங் ஏ.சி. எல்லாம் 24 டிகிரியிலதான் ஸ்டார்ட் ஆகும். அதை 18-க்கு இறக்கிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிறது யாருன்னு கேட்டா... சரி சரி, விடுங்க!

28 நாள் மாசம்

அடுத்த ஆராய்ச்சி நம்ம கையிலயே இருக்கு. செல்போன்!

‘மாச ரீசார்ஜ்’னு நாம சொல்றது நிஜத்துல 28 நாள். 28-ஐ 13-ஆல பெருக்குங்க... 364. அதாவது வருஷத்துக்கு 12 மாசம், ஆனா 13 ரீசார்ஜ்! ஒரு ரீசார்ஜ் 300 ரூபாய்னு வெச்சாலும் நாலு போன் இருக்கிற வீட்ல 1,200 ரூபாய் காலண்டர்லயே இல்லாத மாசத்துக்குப் போகுது. அதனால பிளானோட விலையைப் பார்க்காதீங்க. விலையை நாளால வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சா எந்த விளம்பரமும் ஏமாத்த முடியாது. 30 நாள் செல்லுபடியாகிற பிளானும் வெச்சே ஆகணும்னு 2022-லயே ‘டிராய்’ உத்தரவு போட்டிருக்கு.

இன்னொரு மேட்டர். பாட்டி போன்ல தினம் ஒண்ணரை ஜி.பி. டேட்டா யாருக்காக? பேச்சும் எஸ்.எம்.எஸ்-ஸும் மட்டும் இருக்கிற பிளானைக் கொடுக்கணும்னு 2024 டிசம்பர்ல ‘டிராய்’ விதி கொண்டு வந்துச்சு. ஆப்ல அது கண்ணுல படற இடத்துல இருக்காது. தேடி எடுத்து பாட்டி நம்பருக்குப் போடறது பேரன், பேத்தியோட வேலை.

பையைத் தூக்கற பையன்

காய்கறிச் செலவைக் குறைக்க வழி கேட்டா பெரியவங்க சொல்ற முதல் இடம் உழவர் சந்தை. 1999-ல மதுரையில ஆரம்பிச்சது. விவசாயி நேரா கொண்டுவந்து விக்கிறதால நடுவுல கமிஷன் கிடையாது. விலையைப் போர்டுல எழுதிப் போட்டுடறாங்க. ஆனா, அது காலையில சுறுசுறுப்பா நடக்கிற சந்தை. அம்மா அந்த நேரத்துல அடுப்படியில இருப்பாங்க. அப்ப ஞாயித்துக்கிழமை காலையில யார் போகணும்? புரியுதுல்ல... அலாரம் வைங்க!

மளிகையில ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டா போதும். பத்து ரூபாய் பாக்கெட் வருஷக்கணக்கா பத்து ரூபாயாவே இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. விலை அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற கிராம் இளைச்சுட்டே போகும். ஒரு கிராம் இவ்வளவு, ஒரு மில்லி இவ்வளவுன்னு இப்ப பாக்கெட் மேலேயே பொடி எழுத்துல அச்சடிக்கிறாங்க. எம்.ஆர்.பி-க்குப் பதிலா அதை ஒப்பிட்டுப் பாருங்க. ‘ஃபேமிலி பேக்’குன்னா கண்டிப்பா லாபம்ங்கிற நம்பிக்கை பல இடத்துல உடையும்.

ரேஷன் அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம். ‘எங்க வீட்ல ரேஷன் அரிசி சாப்பிடறதில்லை’ன்னு பெருமையாச் சொல்றவங்க வீட்டுலயே பாதி இட்லி மாவு அந்த அரிசியிலதான் ஆடுது. இதுல வெக்கப்பட எதுவுமே இல்ல. மாவு வீட்ல ஆட்டற வரைக்கும் ராத்திரி டிபனுக்கு வெளியே ஆர்டர் போடற கை கொஞ்சம் அடங்கும். ஆனா ஒண்ணு, ஊற வெச்சு, ஆட்டி, வழிச்சு, கிரைண்டரைக் கழுவற வேலை இருக்கே... மாவு பாக்கெட் காசு மிச்சமாகுதுன்னா அது அம்மாவோட இடுப்புல இருந்து மிச்சமாகிற காசு. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவற வேலையை வாரம் ஒரு தடவையாவது நாம எடுத்துக்கலாமே!

கடைசி தேதி என்னிக்கு?

இதுதான் ரொம்ப முக்கியமான சப்ஜெக்ட். கொஞ்சம் சீரியஸாப் படிங்க.

ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்னிக்குன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பாங்க. நாம அதை வீட்ல சொல்றது எப்ப? பெரும்பாலும் ரெண்டு நாளைக்கு முன்னாடி. அந்த ரெண்டு நாள்ல அப்பாவால பேங்க்குக்குப் போய் வரிசையில நிக்க முடியாது. லீவு கிடைக்காது. அதனால தெருமுனை அடகுக் கடைக்குப் போவார், இல்லைன்னா தெரிஞ்சவங்ககிட்ட வட்டிக்கு வாங்குவார்.

கணக்குப் பார்ப்போம். ஃபீஸ் 40,000 ரூபாய். வெளியில ‘ரெண்டு வட்டி’ன்னா மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய். கேட்கறதுக்கு ரெண்டுதானேன்னு தோணும். வருஷத்துக்கு அது 24 சதவிகிதம்! மாசம் 800, ஆறு மாசத்துக்கு 4,800 ரூபாய். அதே வளையலை பேங்க்ல வெச்சு 10 சதவிகித வட்டிக்கு வாங்கியிருந்தா ஆறு மாசத்துக்கு 2,000 ரூபாய். வித்தியாசம் 2,800. நாம தேதியை ஒரு மாசம் முன்னாடி சொல்லாததுக்கு வீடு கட்டின அபராதம் இது. எட்டு செமஸ்டருக்கும் இப்படியே போனா 22,400 ரூபாய். ஒரு லேப்டாப்புக்கு முக்கால்வாசி விலை!

இன்னும் மோசமானது ரன் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி. இதையெல்லாம் தடுக்கத் தமிழ்நாட்டுல 2003-லயே தனிச் சட்டம் வந்தாச்சு. அப்படியும் அவசரம்னு வர்றப்ப நல்ல மனுஷங்களே அந்த வாசப்படியில போய் நிக்கிறாங்க. அவசரத்தைக் குறைச்சாலே பாதி வட்டி குறையும். செமஸ்டர் ஆரம்பிச்ச அன்னிக்கே அடுத்த ஃபீஸ் உத்தேசமா எந்த மாசம், எவ்வளவுன்னு எழுதி அப்பா கையில கொடுங்க. மாசம் 6,700 ரூபாய் ஆறு மாசத்துக்கு ஆர்.டி. போட்டா 40,200 ரூபாய் சேர்ந்துடும். வட்டி நாம கொடுக்கிறதுக்குப் பதிலா, சின்னதா நமக்கு வரும். முழுசா முடியாதா? பாதி போட்டாலும் அடகுக்குப் போறது பாதி நகைதான்.

கல்விக் கடன் வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை. ‘படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேணாம்’னு சொல்றது நிஜம்தான். ஆனா, வட்டி முதல் நாள்ல இருந்தே ஓடிட்டுத்தான் இருக்கு. படிக்கிற காலத்துல அது தனிவட்டி. கட்டாம விட்டா தவணை ஆரம்பிக்கிறப்ப அசலோட போய் ஒட்டிக்கும், அப்புறம் வட்டிக்கும் வட்டி. ஒரு லட்சத்துக்கு 10 சதவிகிதம்னா மாசம் 833 ரூபாய். அதை மட்டும் இப்பவே கட்டிட்டு வந்தா பின்னாடி சுமை நிறையக் குறையும். அப்படிக் கட்டறவங்களுக்கு வட்டியில சலுகை கொடுக்கிற வங்கிகளும் இருக்கு. மேனேஜர்கிட்ட கேட்டாத்தான் தெரியும்.

சலுகைகளையும் விட்டுடாதீங்க. கவுன்சிலிங்ல சேர்ந்தவங்களுக்கு முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளியில படிச்சு வந்த பெண்களுக்கு 2022-ல ஆரம்பிச்ச ‘புதுமைப் பெண்’, பசங்களுக்கு 2024-ல ஆரம்பிச்ச ‘தமிழ்ப் புதல்வன்’, சமூக வாரியா ஸ்காலர்ஷிப்... ஒவ்வொண்ணுக்கும் இப்ப நிலவரம் என்ன, தேதி எப்பன்னு காலேஜ் ஆபீஸ்ல போய்க் கேளுங்க. ஆபீஸ் ஜன்னல்ல பத்து நிமிஷம் நிக்கிறதுக்குக் கூச்சப்பட்டா, அந்தப் பணத்தை வீடு வேற எங்கேயாவது தலை குனிஞ்சுதான் வாங்கும்.

கேம்பஸுக்குள்ளேயும் கொஞ்சம்...

ஃபர்ஸ்ட் இயர் டிராஃப்டரை ஒரு வருஷத்துக்கு மேல யாராவது தொட்டிருக்கீங்களா? அதைக் கட்டிலுக்கு அடியில தூங்க வைக்காம ஜூனியருக்குக் கொடுங்க. லேப் கோட், கால்குலேட்டர், புக்ஸ் எல்லாமே அப்படிக் கை மாறட்டும். ஆயிரக்கணக்குல காசு வாங்கிட்டுக் கோர்ஸ் நடத்தற இடத்துல சேர்றதுக்கு முன்னாடி, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தற என்.பி.டி.இ.எல். பாடங்களை ஒரு தடவை பாருங்க. பாடம் ஃப்ரீ. சர்ட்டிஃபிகேட் வேணும்னாத்தான் பரீட்சைக் கட்டணம்.

அப்புறம் இந்த ‘ட்ரீட்’ கலாசாரம். பர்த்டேக்கு ட்ரீட், அரியர் க்ளியர் ஆனா ட்ரீட், புது போனுக்கு ட்ரீட். தினம் கேன்டீன்ல டீயும் பப்ஸும் 30 ரூபாய்னா, 22 வேலை நாளுக்கு 660 ரூபாய். ஸ்கேன் பண்ணித் தட்டிவிடறதால பர்ஸ் இளைக்கிறது கண்ணுக்கே தெரியாது.

இதுல நாம கவனிக்காத ஒருத்தன் எல்லா கிளாஸ்லயும் இருப்பான். ஐ.வி.-க்குப் பேர் கொடுக்கச் சொன்னா, ‘எனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மச்சி’ம்பான். கல்ச்சுரல்ஸ் டி-ஷர்ட் எடுக்க மாட்டான். கேன்டீன் பக்கம் போறப்ப அவனுக்கு மட்டும் லைப்ரரியில வேலை இருக்கும். இன்ட்ரஸ்ட் இல்லாம இல்ல ஃப்ரெண்ட்ஸ், வீட்ல கேட்க மனசு வரலை. அவனை ‘கஞ்சப் பிசினாரி’ன்னு ஓட்டறதுக்கு முன்னாடி, கிளாஸ் ரெப் ஒரு காரியம் பண்ணலாம். ஐ.வி. திட்டம் போடறப்ப முதல்ல இடத்தை முடிவு பண்ணாம, எல்லாராலயும் கட்ட முடிஞ்ச தொகையை முடிவு பண்ணுங்க. அப்புறம் அந்தத் தொகைக்குள்ள இடம் தேடுங்க. பக்கத்து மாவட்டத் தொழிற்சாலையிலயும் மெஷின் ஓடத்தானே செய்யுது!

எதைக் குறைக்கக் கூடாது?

இதைச் சொல்லாம விட்டா கட்டுரை முழுசும் வேஸ்ட். தட்டுப்பாடு வர்ற மாசத்துல எல்லா வீட்லயும் எதையாவது குறைக்கிறாங்க. அது என்னன்னு பார்த்திருக்கீங்களா? கேபிள் கட் ஆகாது. நம்ம டேட்டா பேக் கட் ஆகாது. மெதுவா, யாருக்கும் தெரியாம கட் ஆகறது அம்மாவோட பால், அம்மாவோட முட்டை, அம்மாவோட ரத்தப் பரிசோதனை. ‘எனக்குப் பசிக்கல’, ‘எனக்கு முட்டை பிடிக்காது’, ‘தலைவலி தானாப் போயிடும்’. அப்பா பக்கம் பழைய பவர் கண்ணாடி, தேஞ்சுபோன டயர், பாதியில நிறுத்தின சுகர் மாத்திரை.

2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு சொல்லுது. சாப்பாட்டுல கடைசியா உட்கார்ற பழக்கமும் இதுக்கு ஒரு காரணம்னு சொன்னா யாரும் மறுக்க முடியாது. வீட்ல ஒருத்தர் மட்டும் இழந்துட்டே இருந்தா அதுக்குப் பேர் சிக்கனம் இல்ல. அது கடன். பின்னாடி ஆஸ்பத்திரி பில்லா வட்டியோட வரும்.

அதனால வீட்ல சேர்ந்து ஒரு ‘தொடக்கூடாத லிஸ்ட்’ போடுங்க. எல்லாருக்கும் முட்டை, பால். மாத்திரை. ஹெல்மெட், டயர். மருத்துவக் காப்பீடு. இதுல கை வைக்கக் கூடாது. மாத்திரை விலை கடிச்சா நிறுத்தாம, அதே மருந்து ஜெனரிக்ல கிடைக்குமான்னு டாக்டரைக் கேட்டுட்டு மக்கள் மருந்தகத்துல விசாரிங்க.

ஞாயித்துக்கிழமை மீட்டிங்

மாசத்துல ஒரு ஞாயிறு, சாப்பிட்ட கையோட அரை மணி நேரம். ஒரு நோட்டு, ஒரு பேனா. இந்த மாச வரவு, கட்ட வேண்டியது, அடுத்த மாசம் வரப்போறது. அப்பா சம்பளத்தைச் சொல்லத் தயங்கினா வற்புறுத்தாதீங்க, செலவுல இருந்து ஆரம்பிங்க. ஸ்கூல் படிக்கிற தம்பி, தங்கச்சியையும் உட்கார வைங்க. பத்து வயசு தாண்டினவங்க தன் பேர்லயே பேங்க் கணக்கு வெச்சுக்கலாம். உண்டியலை உடைச்சு அதுல போடட்டும். அவங்க எதையாவது கேட்கறப்ப ‘காசு இல்ல, போ’ன்னு சொன்னா பயப்படுவாங்க. ‘இந்த மாச லிஸ்ட்ல இல்ல, அடுத்த மாச லிஸ்ட்ல எழுதலாமா?’ன்னு கேட்டுப் பாருங்க. காத்திருக்கக் கத்துக்குவாங்க. பாதி ஆசை அடுத்த மாசத்துக்குள்ள மறந்தும் போயிடும்!

இந்த வாரமே செய்ய...

• மீட்டர் ரீடிங்கை இன்னிக்கே தேதியோட எழுதுங்க.

• வீட்ல இருக்கிற எல்லா போனுக்கும் ‘ஒரு நாள் விலை’ கணக்குப் போடுங்க.

• ஆட்டோமேட்டிக்கா காசு எடுத்துக்கிற சந்தாக்கள் என்னென்ன இருக்குன்னு யு.பி.ஐ. ஆப்ல பாருங்க. பார்க்காத ஓ.டி.டி.-யை நிறுத்துங்க.

• அடுத்த ஃபீஸ் மாசத்தையும் தொகையையும் வீட்டு காலண்டர்ல வட்டம் போடுங்க.

• ஜூனியருக்குக் கொடுக்க வேண்டிய பொருளை ஒரு பையில எடுத்து வைங்க.

• இன்னிக்கு ராத்திரி அம்மாவை முதல் பந்தியில உட்கார வெச்சு நீங்க பரிமாறுங்க. குழம்புல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அப்பத்தான் தெரியும்.

ஆறுல மூணு பண்ணினாலே பாஸ் மார்க். ஆனா கடைசி ஐட்டம் மட்டும் கம்பல்சரி, சாய்ஸ்ல விட முடியாது!